அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. டாக்டர் எழுதற பதிவாச்சே, மருந்து மாத்திரை பத்தி இருக்கும்னு வந்தவங்களும் ஏமாற வேண்டாம், அங்கேதான் போய்ச் சேரப் போறோம். ஆனா கிளம்பறது பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்துல இருந்து.

போன ஞாயித்துக்கிழமை நைட் டூட்டி முடிச்சுட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். ஹால்ல தரையில நோட்டை விரிச்சு வச்சு வீட்டுப்பாடம். எட்டாவது பாடம், புள்ளியியலும் நிகழ்தகவும். ஒவ்வொரு கணக்கா போன்ல போட்டோ எடுக்கிறான். மூணு செகண்டுல படிப்படியா விடை வருது. அதை அப்படியே நோட்டுல இறக்குறான். கையெழுத்து என்னவோ முத்து முத்தாத்தான் இருக்கு. பத்து கணக்கு, இருபது நிமிஷம், முடிஞ்சது.

"திட்டவிலக்கம்னா என்னடா?"ன்னு சும்மா கேட்டேன்.

"ரூட் ஆஃப் சிக்மா டி ஸ்கொயர் பை என், மாமா."

"அது சூத்திரம். அது எதை அளக்குது?"

என்னைப் பாவமா பார்த்தான். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா."

அடுப்படியில இருந்து அக்கா குரல். "டேய், அவனை விடுடா. நாளைக்கு நோட்டு வைக்கணும் அவன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. "அதெல்லாம் கேக்க மாட்டாங்க." பரீட்சையில கேக்க மாட்டாங்கதான். ஆனா ஆஸ்பத்திரியில கேப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கேப்பாங்க.

முதல்ல என் வண்டவாளத்தைச் சொல்லிடறேன். நான் கணக்குல புலி எல்லாம் இல்லை. பயோ-மேத்ஸ் குரூப். எங்க காலத்துல மெடிக்கல் கட்-ஆஃப் 200க்கு: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கு அந்தக் கூட்டல்லயே கிடையாது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள்கூட நான் விலங்கியல் புரட்டிட்டு இருந்தேன். இப்போ நீட். அதுலயும் இயற்பியல், வேதியியல், உயிரியல்தான், கணக்குன்னு தனியா ஒரு தாள் இல்லை. அதனால "என் பொண்ணு டாக்டருக்குப் படிக்குது, கணக்கு எதுக்கு, பியூர் சயின்ஸ்லயே போட்டுட்டோம்"னு பெருமையா சொல்ற பெற்றோரை ஓபியில வாரத்துக்கு ரெண்டு பேராவது பார்க்கிறேன். சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவேன். உள்ளுக்குள்ள எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வரும்.

ஹவுஸ் சர்ஜன் காலம். பச்சிளம் குழந்தைகள் வார்டு. பொறந்து சில மணி நேரமே ஆன, எடை குறைஞ்ச குழந்தைங்களுக்கு ரத்தத்துல சர்க்கரை சட்டுனு இறங்கும். அப்போ 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தணும். அந்த பாட்டில் ஸ்டாக் இல்லைன்னா நாங்களே கலந்து தயார் பண்ணுவோம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 75 மில்லி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 25 மில்லி. 75-25. வார்டுக்குப் போன முதல் நாளே சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது. நான் ஏன் எதுக்குன்னு கேக்கலை. நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். என் அக்கா பையன் மாதிரியேதான்.

ஒருநாள் ராத்திரி 25 சதவீதமும் தீர்ந்து போச்சு. அலமாரியில 50 சதவீதம்தான் இருக்கு. சீனியர் லேபர் வார்டுல இன்னொரு குழந்தைக்கு மூச்சு வரவைக்கப் போராடிட்டு இருக்கார். சிஸ்டர் ரெண்டு பாட்டிலையும் கையில வச்சுக்கிட்டு என் முகத்தைப் பார்க்கிறாங்க. "எவ்வளவு சார் எடுக்கணும்?"

எனக்குத் தெரிஞ்சது 75-25 மட்டும்தான்.

அதே 75-25ஐ இந்த பாட்டிலை வச்சுக் கலந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு போட்டுப் பாருங்க. 75 மில்லியில 5 சதவீதம், அதாவது 3.75 கிராம் சர்க்கரை. 25 மில்லியில 50 சதவீதம், 12.5 கிராம். மொத்தம் 16.25 கிராம். 10 சதவீதம் கேட்ட இடத்துல 16 சதவீதத்துக்கு மேல போயிருக்கும். பச்சைக் குழந்தையோட கை நரம்பு வழியா 12.5 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு பாடம். நரம்பு வெந்து போகும், மருந்து வெளியில கசிஞ்சா தோலே புண்ணாகும், சர்க்கரையும் கண்ட மாதிரி ஏறும்.

கை நடுங்குச்சு. கேஸ் ஷீட்டோட பின்பக்கத்தைத் திருப்பினேன். 5 சதவீதத்துல எக்ஸ் மில்லி எடுக்கிறேன்னு வச்சுக்குவோம். அப்போ 50 சதவீதத்துல (100 − எக்ஸ்) மில்லி. ரெண்டுலயும் இருக்கிற சர்க்கரை சேர்ந்து 100 மில்லிக்கு 10 கிராம் வரணும்.

5 எக்ஸ் + 50 (100 − எக்ஸ்) = 1000
5000 − 45 எக்ஸ் = 1000
45 எக்ஸ் = 4000
எக்ஸ் = 88.9

89 மில்லி இது, 11 மில்லி அது. அதோட நிறுத்தலை. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 89ல 5 சதவீதம் 4.45. 11ல 50 சதவீதம் 5.5. கூட்டினா 9.95. சரி. சிஸ்டர் கிட்டயும் ஒரு தடவை போட்டுக் காட்டினேன், அவங்களும் தலையை ஆட்டின பிறகுதான் சிரிஞ்ச்ல எடுத்தோம்.

இது எம்பிபிஎஸ்ல எங்கயும் சொல்லித் தரலை. ஒன்பதாவதுல நேரிய சமன்பாடு. எங்க கணக்கு டீச்சருக்கு ஒரு பழக்கம். விடை சரியான்னு நோட்டைத் தூக்கிட்டுப் போனா நோட்டைப் பார்க்கவே மாட்டாங்க. "என்கிட்ட ஏண்டா கேக்கற? எக்ஸ் கிட்டயே கேளு. பிரதியிட்டுப் பாரு." அவ்வளவுதான் சொல்லுவாங்க. அப்போ எரிச்சலா இருக்கும். கைடுல கடைசிப் பக்கத்தைத் திருப்பினா விடை கிடைச்சுடும், இந்தம்மா ஏன் படுத்துதுன்னு.

இப்போ சொல்லுங்க, வீட்டுப்பாடம் எதுக்கு? விடைக்கா? அந்த விடை டீச்சருக்கு ஏற்கனவே தெரியும். புத்தகத்துக்குப் பின்னாடியே அச்சடிச்சும் இருக்கு. உங்க பிள்ளை கண்டுபிடிச்சுக் கொடுத்துதான் உலகத்துக்குத் தெரியணும்னு ஒண்ணும் இல்லை. தெரியாத ஒண்ணை "எக்ஸ்னு வச்சுக்குவோம்"னு தைரியமா பேர் வச்சு, மாட்டிக்கிட்டு, முழிச்சு, அடிச்சு, திரும்ப ஆரம்பிக்கிற அந்த இருபது நிமிஷம் இருக்கே, வீட்டுப்பாடம் அதுதான். அதைத்தான் போட்டோ எடுத்துத் தூக்கிக் கொடுத்துடறோம். ஜிம்முக்குப் பணம் கட்டிட்டு, வெயிட் தூக்க ஆள் அனுப்பற கதை.

உடனே "இந்தப் போன்தான் சார் பிள்ளைங்களைக் கெடுக்குது"ன்னு கமெண்ட் போட வராதீங்க. எங்க காலத்துல போன் இல்லை, கைடு இருந்துச்சு. டியூஷன் நோட்ஸ் இருந்துச்சு. முதல் ரேங்க் பையனோட நோட்டு இருந்துச்சு. காலைல ப்ரேயருக்கு முன்னாடி மரத்தடியில உட்கார்ந்து வரி பிசகாம காப்பி அடிச்சவங்கதான் நாம. அவன் 7னு எழுதினது 1 மாதிரி இருந்தா நமக்கும் 1தான். போன் வந்து அந்த மரத்தடியை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்திருக்கு, அவ்வளவுதான்.

ஆசிரியர்களையும் நான் திட்ட வரலை. அவங்க கழுத்துல தேர்ச்சி சதவீதம்னு ஒரு கத்தி. பத்தாவது கணக்குத் தாள் 100 மார்க். வடிவியல் ஒண்ணு, வரைபடம் ஒண்ணு, ரெண்டும் எட்டு எட்டு, 16 மார்க் கண்ணை மூடிட்டு வாங்கிடலாம். ஒரு மார்க் கேள்வி பதினாலு, புக் பேக்ல இருந்து மனப்பாடம். இன்னும் நாலஞ்சு ரெண்டு மார்க் கணக்கு தேத்தினா 35 தாண்டியாச்சு. மெல்லக் கற்கும் மாணவர்களைக் கரையேத்த இப்படி வழி காட்டறதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வராது, பாஸ் ஆகாம நின்னு போன பிள்ளைங்க கதி என்ன ஆகுதுன்னு நானும் பார்த்திருக்கேன். என் கோபம், அந்தக் கரையேத்தற வித்தையையே நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்கும் பாடமா ஆக்கிட்டோமே, அது மேலதான். நூத்துக்கு நூறு வாங்கற பிள்ளைக்கும் திட்டவிலக்கம் எதை அளக்குதுன்னு தெரியலை. ஏன்னா, கேக்க மாட்டாங்க.

சரி, டாக்டருங்க விஷயத்தை விடுங்க. "எங்களுக்கு எதுக்கு சார்?"னு கேக்கற உங்களுக்கு வர்றேன்.

குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் எழுதறோம். சொட்டு மருந்துன்னு சின்ன பாட்டில்ல ஒண்ணு வரும், 1 மில்லியில 100 மில்லிகிராம். சிரப்னு பெரிய பாட்டில்ல ஒண்ணு வரும், 5 மில்லியில 125 மில்லிகிராம். அதாவது 1 மில்லிக்கு 25. ரெண்டும் ஒரே மருந்து, ஒண்ணு இன்னொண்ணை விட நாலு மடங்கு அடர்த்தி. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்குல 150 மில்லிகிராம். சிரப்னா 6 மில்லி. சொட்டுன்னா ஒன்றரை மில்லி. போன தடவை சிரப் 6 மில்லி கொடுத்தது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கு. இந்தத் தடவை வீட்டுல இருக்கிறது சொட்டு பாட்டில். அதுல 6 மில்லி ஊத்தினா 600 மில்லிகிராம். அதே அளவு ஒரு நாளைக்கு நாலு வேளை போனா அந்தப் பிஞ்சு ஈரல் தாங்காது. பெரிய கணக்கெல்லாம் இல்லை, ஏழாவது எட்டாவது விகிதக் கணக்கு. "எத்தனை மூடி சார்?"னு மட்டும் கேட்டுட்டுப் போகாதீங்க, "எந்த பாட்டில்ல?"னும் கேளுங்க. (இதைப் படிச்சுட்டு நீங்களா டோஸ் போட ஆரம்பிச்சுடாதீங்க. எடை பார்த்து டாக்டர் எழுதினதுதான் கொடுக்கணும்.)

அடுத்தது, நான் ஓபியில தினமும் பார்க்கிற கூத்து. மாஸ்டர் ஹெல்த் செக்கப். "80 டெஸ்ட், ஆஃபர் விலை." ஒரு குறையும் இல்லாத ஆள் போய் ரத்தம் கொடுத்துட்டு வருவார். ரிப்போர்ட்டுல மூணு இடத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்கும். அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. கூகுள்ல தேடிப் பார்த்து, தனக்கு என்ன புற்றுநோய்னு முடிவே பண்ணிட்டு என்கிட்ட வருவார்.

அந்த "நார்மல்"னு போட்டிருக்கிற எல்லை எங்கிருந்து வந்துச்சு? ஆரோக்கியமான நிறைய பேரோட ரத்தத்தைப் பரிசோதிச்சு, நடுவுல வர்ற 95 சதவீதம் பேரோட அளவை எடுத்து எல்லையா வச்சிருக்காங்க. சராசரிக்கு இந்தப் பக்கம் ரெண்டு திட்டவிலக்கம், அந்தப் பக்கம் ரெண்டு திட்டவிலக்கம்னு பெரும்பாலும் வரும். என் அக்கா பையன் போன்ல போட்டோ எடுத்தானே, அதே திட்டவிலக்கம்தான். இதோட அர்த்தம் என்ன? எந்த நோயும் இல்லாத நூறு பேர்ல அஞ்சு பேர் எப்பவும் அந்த எல்லைக்கு வெளியிலதான் இருப்பாங்க. அவங்களுக்கு நோய் இல்லை, அந்த எல்லையை வரைஞ்ச விதம் அப்படி.

இப்போ நிகழ்தகவுக்கு வாங்க. ஒரு டெஸ்ட் "நார்மல்"னு வர வாய்ப்பு 0.95. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் பண்ணினா, இருபதும் நார்மலா வர வாய்ப்பு 0.95ஐ இருபது தடவை பெருக்கணும். 0.36 வரும். அதாவது, முழு ஆரோக்கியமான நூறு பேர் 20 டெஸ்ட் எடுத்தா, 64 பேருக்கு ஒரு இடத்துலயாவது தடிச்ச எழுத்து நிச்சயம்! உடம்புல டெஸ்டுகள் ஒண்ணோட ஒண்ணு கொஞ்சம் சம்பந்தப்பட்டுத்தான் இருக்கும், அதனால நிஜத்துல இந்த எண் கொஞ்சம் மாறும். ஆனா சங்கதி மாறாது. 80 டெஸ்ட் பேக்கேஜ்ங்கறது, "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு இருக்குன்னு காட்டாம அனுப்ப மாட்டோம்"ங்கற உத்தரவாதம். அதுக்கு நீங்க காசு வேற கொடுக்கறீங்க.

"டெஸ்ட் பாசிட்டிவ்னா நோய் இருக்குன்னுதானே சார் அர்த்தம்?" இந்தக் கேள்வியில டாக்டர்களே குப்புற விழுந்திருக்கோம், மறைக்க ஒண்ணும் இல்லை. 1978ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு கட்டுரை வந்துச்சு. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி சார்ந்த ஆஸ்பத்திரிகள்ல மாணவர்கள், டாக்டர்கள்னு 60 பேர் கிட்ட ஒரு கணக்கு கேட்டாங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு இருக்கிற நோய். நோய் இல்லாதவங்கள்ல 5 சதவீதம் பேருக்கு டெஸ்ட் தப்பா பாசிட்டிவ்னு காட்டும். வேற எதுவும் தெரியாத ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்தா, அவருக்கு நிஜமாவே அந்த நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? கிட்டத்தட்ட பாதிப் பேர் 95 சதவீதம்னு சொன்னாங்க. சரியா சொன்னது 11 பேர்.

நீங்களே போடுங்க. ஆயிரம் பேர். நோய் உள்ளவர் ஒருத்தர், அவருக்கு பாசிட்டிவ். மீதி 999 பேர்ல 5 சதவீதம், சுமார் 50 பேருக்குத் தப்பான பாசிட்டிவ். மொத்தம் 51 பாசிட்டிவ். அதுல நிஜம் ஒண்ணு. ரெண்டு சதவீதம்! 95 எங்கே, 2 எங்கே. இது பதினொண்ணாவது கணக்குல பேயீஸ் தேற்றம். பியூர் சயின்ஸ் எடுத்த பிள்ளை அதைக் கண்ணால பார்க்காமலே மெடிக்கல் காலேஜ் வந்துடும். கணக்கு குரூப் எடுத்தவனோ "அஞ்சு மார்க்குக்கு எப்பவாவது வரும்"னு சாய்ஸ்ல விட்டிருப்பான். எம்பிபிஎஸ்ல சமுதாய மருத்துவத்துல திரும்ப வரும், அங்கேயும் நாங்க ஏ பை ஏ பிளஸ் சின்னு மனப்பாடம்தான். வைவாவுல ஃபார்முலாதான் கேப்பாங்க, அர்த்தம் கேக்க மாட்டாங்க. பள்ளிக்கூடத்துல பிடிச்ச நோய் காலேஜ் வரைக்கும் கூடவே வருது பாருங்க.

அதனால குப்பை டெஸ்ட்னு சொல்லலை. அறிகுறி இருக்கிற ஆளுக்கு அதே டெஸ்ட் பண்ணினா கணக்கு தலைகீழா மாறும், ஏன்னா ஆரம்ப எண்ணிக்கையே ஆயிரத்துல ஒண்ணு இல்லை. "எதுக்கும் ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடுங்க சார்"னு நீங்க கேக்கும்போது நாங்க ஏன் தயங்கறோம்னு இப்பவாவது புரியுதா? காசு மிச்சம் பிடிக்க இல்லைங்க.

சதவீதம் தெரியாததால ஒரு நாடே அடி வாங்கின கதையும் இருக்கு. 1995 அக்டோபர், பிரிட்டன். மருந்துப் பாதுகாப்புக்கான குழு ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. புது வகைக் கருத்தடை மாத்திரைகள்ல ரத்தக்கட்டி வர்ற ஆபத்து ரெண்டு மடங்குன்னு. நூறு சதவீதம் அதிகம்! பத்திரிகை, டிவி எல்லாம் அலறுச்சு. பயந்து போய் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்திட்டாங்க. ரெண்டு மடங்குன்னா எதுல இருந்து எதுக்கு? பழைய மாத்திரையில 7000 பேர்ல ஒருத்தருக்கு. புதுசுல 7000 பேர்ல ரெண்டு பேருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடுச்சுன்னு பின்னால கணக்கெடுத்தாங்க. இதுல கொடுமை என்னன்னா, கர்ப்பத்துலயே ரத்தக்கட்டி ஆபத்து அந்த மாத்திரையை விட அதிகம்.

பொய் யாரும் சொல்லலை. ரெண்டு மடங்கு உண்மை. "எதுல ரெண்டு மடங்கு?"னு திருப்பிக் கேக்க ஆள் இல்லை. இதே வித்தையை வச்சுத்தான் "ஆபத்தை 50 சதவீதம் குறைக்கும்"னு உங்க வீட்டு டிவியில தினமும் எதையாவது விக்கறாங்க. நூத்துல ரெண்டு பேருக்கு வர்றது ஒருத்தருக்குக் குறைஞ்சாலும் 50 சதவீதம்தான், நாப்பது பேருக்கு வர்றது இருபதா குறைஞ்சாலும் 50 சதவீதம்தான். உங்களை ஏமாத்தணும்னா பெரிய சதி எல்லாம் தேவையே இல்லை, நீங்க ஒன்பதாவது கணக்கை கைடு பார்த்து எழுதியிருந்தா போதும்.

"அதான் எல்லாத்துக்கும் இப்போ ஏஐ வந்துடுச்சே சார்"ங்கறாங்க. வரட்டும், நானும்தான் பயன்படுத்தறேன். அது கொடுக்கற விடை அபத்தமா இருந்தா அபத்தம்னு தெரியறதுக்கு உங்க மண்டையில ஒரு அளவுகோல் வேணும். 89-11ஐ அது 11-89னு மாத்திக் கொடுத்தா, சர்க்கரை 45 சதவீதத்துக்குப் போகும். பிரதியிட்டுப் பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது கண்ணுல படும்.

அக்கா வீட்டுக்குத் திரும்புவோம். அன்னைக்கு அவன் நோட்டை நான் கிழிக்கலை, திட்டவும் இல்லை. திங்கக்கிழமை நோட்டு வைக்கணும், பாவம். அவனோட அப்பத்தாவுக்கு, அதாவது அக்கா மாமியாருக்கு, சுகர். ராத்திரி இன்சுலின் போடறாங்க. வீட்டுலயே மெஷின்ல பார்த்து ஒரு சின்ன நோட்டுல எழுதி வச்சிருப்பாங்க. அதைக் காட்டி, "புத்தகக் கணக்கு இருக்கட்டும். இதுல கடைசி ஏழு அளவை எடு. சராசரி, திட்டவிலக்கம், மாறுபாட்டுக் கெழு மூணும் போடு. போன் இல்லாம"ன்னேன்.

ஏன்னு அவன் கேட்டதுக்கு ரெண்டு ஆளுங்களோட சுகரை எழுதிக் காட்டினேன். முதல் ஆள் 140, 150, 160, 145, 155. ரெண்டாவது ஆள் 50, 250, 60, 240, 150. ரெண்டு பேருக்கும் சராசரி அதே 150. மூணு மாச சுகர்னு நீங்க சொல்ற ஹெச்பிஏ1சி டெஸ்டும் சராசரியைத்தான் காட்டும். அதுக்கும் ஒரு நேரிய சமன்பாடுதான்: சராசரி சுகர் = 28.7 × ஹெச்பிஏ1சி − 46.7. சராசரி 150னா ரெண்டு பேருக்கும் 6.9 கிட்ட வரும். ரெண்டு பேருக்கும் "நல்ல கன்ட்ரோல்"னு சொல்லி அனுப்பிடுவோம். ஆனா முதல் ஆளுக்குத் திட்டவிலக்கம் 7. ரெண்டாவது ஆளுக்கு 85. அவர் ஒருநாள் மயங்கி விழப் போறார். "இப்போ சொல்லு, திட்டவிலக்கம் எதை அளக்குது?"ன்னு கேட்டேன். "ஆட்டத்தை, மாமா"ன்னான். புத்தகத்துல அப்படி இல்லை. நான் ஃபுல் மார்க் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. நோட்டுப் பக்கம் முழுக்க அடிச்சு அடிச்சு எழுதியிருக்கான், அந்த முத்து முத்தான கையெழுத்தைக் காணோம். 72, 210, 95, 248, 68, 180, 142. கூட்டுத்தொகை 1015. சராசரி 145. விலக்க வர்க்கங்களோட கூடுதல் 29,826. திட்டவிலக்கம் 65.3. மாறுபாட்டுக் கெழு 45 சதவீதம். கீழே ஒரு வரி: "மாமா, புக்ல எந்தக் கணக்குக்கும் இவ்ளோ வரல. தப்பா போட்டுட்டேனா?"

ஓபி சீட்டுப் பின்னாடி நானும் போட்டுப் பார்த்தேன். தப்பு இல்லை.

தப்பு என்கிட்டதான். போன மாசம் அந்த அம்மாவோட ஹெச்பிஏ1சி 6.7. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "சூப்பர் அத்தை, அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க"ன்னு சொன்னதே நான்தான். சமன்பாட்டுல போட்டா சராசரி 145.6. பேரன் போட்ட சராசரியோட அச்சு அசலா ஒத்துப் போகுது. சராசரியை மட்டும் பார்த்தா யாருக்கும் எந்தக் கவலையும் வராது.

உடம்புல ஒட்டி வச்சுத் தொடர்ந்து சுகர் பார்க்கிற கருவிகள் வந்திருக்கில்ல, அதுல மாறுபாட்டுக் கெழு 36 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு உலக அளவுல வச்சிருக்காங்க. ஆமா, பத்தாவது புத்தகத்துல இருக்கிற அதே மாறுபாட்டுக் கெழுதான். விரல் குத்தி எடுத்த ஏழு அளவை வச்சு அந்த 36ஓட நேரா ஒப்பிட்டு முடிவு பண்ண முடியாது, அதை நான் பண்ணவும் இல்லை. ஆனா அந்த 45 என்னைத் திரும்ப ஏழு எண்ணையும் பார்க்க வச்சது. 68. 72. சுகர் 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

உடனே அக்காவுக்கு போன் போட்டேன். "அந்த 68, 72 ரெண்டும் எப்போ எடுத்தது?"

"ரெண்டும் விடியக்காலையிலடா, காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி. ஏன்?"

"அத்தைக்கு அந்நேரம் ஏதாவது பண்ணுதா?"

"வேர்த்து எந்திரிக்கிறாங்க கொஞ்ச நாளா. வயசாயிடுச்சுல்ல, அதான்னு விட்டுட்டோம்."

அன்னைக்கு ராத்திரியே அவங்க பார்க்கிற சுகர் டாக்டர் கிட்ட பேசியாச்சு. இன்சுலின் அளவைக் குறைச்சிருக்கார். ஒரு வாரத்துக்கு விடியக்காலை மூணு மணிக்கும் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கார். அலாரம் வச்சு எந்திரிச்சு மெஷின்ல பார்க்கிறது அக்கா. நோட்டு எழுதறது இப்போ அவன் பொறுப்பு. நேத்து மூணு மணிக்கு 104.